குளிர்ச்சியின் அளவு

பிறக்கும் வேளையில் மூச்சடைத்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தையை 33.5 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருப்பது ஒரு மருத்துவ முறை. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். குளிரில் மூளை செல்களின் ஆற்றல் தேவை குறைகிறது. முதல் அடிக்குப் பின் மெல்லத் தொடரும் சிதைவு தணிகிறது.

மலேசியாவில் சிரம்பானை அடுத்த மம்பாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்துக்கு இது எளிதில் ஒப்பாது. பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் குளிர் ஆகாது என்பது தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளில் கேள்விக்கு இடமில்லாத விதி. உடம்பு சில்லிட்டது என்றாலே உயிர் போனதென்று பொருள். அதே வீட்டார்தான் தோட்டத்து மாரியம்மனுக்குக் கூழும் வேப்பிலையும் வைத்து அவளைக் குளிரச் செய்கிறார்கள். அங்கே குளிர்ச்சியே அருள். இதில் முரண் இல்லை. வெப்பத்தையும் குளிரையும் நல்லது, கெட்டது என்று தனித்தனியே நிறுத்தாமல், எந்த உடலுக்கு, எப்போது, எவ்வளவு என்று கேட்பது தமிழ் மரபு. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) மூன்றும் சமமாக இருப்பதில்லை; ஒன்று, அரை, கால் என்ற விகிதத்தில் இருந்தால்தான் நலம்.

குளிர்விக்கப்பட்ட குழந்தையின் தாது உப்புகள் இக்கேள்வியைக் கூர்மையாக்குகின்றன. மெக்னீசியம் நரம்பு செல்லின் ஒரு வாயிலை அடைத்து நிற்கும் காவல். மூச்சடைப்பில் அக்காவல் தளர, கால்சியம் உள்ளே பாய்ந்து செல்லை அழிக்கிறது. இரத்தத்திலும் இவ்விரண்டும் குறையலாம். அப்போது வரும் வலிப்பை மூளைக் காயத்தின் வலிப்பென்று எண்ணிவிடக்கூடும். சிறுநீரகம் தளர்ந்து நீர் தேங்கினால் சோடியம் நீர்த்துப்போகும்.

பொட்டாசியத்தின் போக்கு வேறு. குளிரில் அது செல்லுக்குள் ஒதுங்குவதால் இரத்தத்தில் அளவு குறைந்து தெரியும். அது முழுக்க இழப்பல்ல, பெருமளவு இடமாற்றம். குறைந்த எண்ணைக் கண்டு பொட்டாசியத்தைத் தாராளமாக ஏற்றினால், உடலை மணிக்கு அரை பாகை வீதம் சூடேற்றும்போது உள்ளே போனது வெளிவந்து, ஏற்றியதோடு சேர்ந்து இதயத் துடிப்பைக் குலைக்கும். ஆய்வகத் தாளில் குறை என்று வருவதெல்லாம் குறைதானா? உடலின் நிலை மாறினால் சரியான அளவும் மாறுகிறது. எண்ணை மட்டும் சரிசெய்வதைச் சிகிச்சை என்பது அரைகுறைப் பார்வை.

அளவு இடத்தையும் பொறுத்தது. செல்வ நாடுகளின் ஆய்வுகள் குளிர்விப்பால் நன்மை கண்டன. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வு வேறு முடிவைத் தந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியும் களனிப் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றன. இறப்பு, குளிர்விக்கப்பட்டோரில் 42 விழுக்காடு, மற்றவர்களில் 31. காயம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. மலேசியா அந்த ஆய்வில் இல்லை. சிரம்பானில் பிறக்கும் குழந்தைக்கு அதன் முடிவையோ செல்வ நாடுகளின் முடிவையோ அப்படியே பொருத்த முடியாது.