களமும் முயற்சியும்

சொந்தக் களத்தில் ஆடும் அணிக்கே வெற்றிவாய்ப்பு மிகுதி என்பர். ஊரார் ஆரவாரம் தளர்ந்த காலுக்கும் விசையூட்டும் என்பது மெய்யே. அங்ஙனமாயின், அவ்வாறு பிறக்கும் முயற்சி ஆட்டக்காரனுக்கு உரியதா, ஊருக்கு உரியதா?

2020இல் பெருந்தொற்றினால் அமெரிக்கத் தொழின்முறைக் கூடைப்பந்தின் இறுதிக்கட்டப் போட்டிகள் ஓர்லாண்டோ அருகே, ஆரவாரிக்கும் கூட்டமின்றி நடைபெற்றன. எவர்க்கும் சொந்தக் களம் இல்லை. எனினும் வீரர் முழுமூச்சுடன் ஆடினர். ஆரவாரம் முயற்சியைத் தூண்டலாம். அதன் ஊற்று வேறிடத்தது.

மட்டக்களப்பு வாவிக்கரை அறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவிற் பிறந்த இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார் கிழக்கிலங்கை மாணவர்க்குக் கூடைப்பந்து பயிற்றினார். வன்செயல் சூழ்ந்தபோதும் அவர் இம்மண்ணை விட்டு அகலவில்லை; 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியிற் காணாமற் போனார். கைதட்டுவோர் இல்லாவிடத்தும் குன்றாத முயற்சியையே நமது எனக் கூறும் உரிமை நமக்குண்டு.