சமமான இரு வழிகளும் ஓர் எலக்ட்ரானும்

போதிய காரணமின்றி எதுவும் நிகழாது என்றார் ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ். அப்படியானால், சரிசமமான இரு வழிகளில் ஒன்றை மட்டும் தேர்வது எது?

ஊதா பாக்டீரியாவின் ஒளிச்சேர்க்கை மையத்தில் இந்தக் கேள்வி உயிரோடு நிற்கிறது. அதன் கட்டமைப்பைக் கண்டறிந்த டைசன்ஹோபர், ஹூபர், மிக்கேல் மூவரும் 1988-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். நிறமிகள் இரு கிளைகளாக, ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கின்றன. ஒளி பட்டதும் சுமார் 3 பிக்கோநொடியில் எலக்ட்ரான் தாவுகிறது. சுமார் 200 பிக்கோநொடியில் குயினோன் என்ற மூலக்கூறை அடைகிறது. ஆனால் அநேகமாக எப்போதும் ஒரே கிளை வழியாகத்தான்!

சூழ்ந்துள்ள புரதத்தின் அமினோ அமிலங்கள் இருபுறமும் சற்றே வேறுபடுகின்றன. அவற்றில் சிலவற்றை மாற்றியபோது, எலக்ட்ரான்களில் ஒரு பகுதி மறுகிளையிலும் சென்றது.

ஆகவே காரணம் உண்டு, நோக்கம் தேவைப்படவில்லை. ஆனால் தனியொரு எலக்ட்ரான் எந்தக் கணத்தில் தாவும் என்று கேட்டால், குவாண்டம் கோட்பாடு நிகழ்தகவை மட்டுமே சொல்கிறது. லைப்னிட்ஸின் கொள்கைக்கு உண்மையான சோதனை அங்கேதான்.