மாற்றுச் சான்றிதழில் ஒரு வரி

கீழப்பழுவூர்ச் சாலையில் இரவென்றும் பகலென்றும் பாராமல் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சிமெண்டு ஆலைக்குக் கல் சுமக்கும் அத்தகைய லாரி ஒன்றை ஓட்டுபவர் ஒருநாள் மாலை தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விடுதி அறையில் அவன் பெட்டியில் கஞ்சாப் பொட்டலம் ஒன்று பிடிபட்டது. மறுநாளே கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். "சாமி, நீங்க ஒரு கடுதாசி குடுத்தா திரும்பச் சேத்துக்குவாங்களா?" என்று கேட்டார் தந்தை.

அவரை வெளியில் அமரச் சொல்லிவிட்டுப் பையனோடு பேசினேன். (இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று; எழுதலாமா என்று அவனிடம் கேட்ட பின்பே எழுதுகிறேன்.) ஏறக்குறைய ஓராண்டுப் பழக்கம். ஆறு மாதங்களுக்கு முன்பே விட முயன்றிருக்கிறான், முடியவில்லை. "வார்டன்கிட்ட சொல்லிடலாம்னு ரெண்டு தடவை அவரு ரூம் வாசல் வரைக்கும் போனேன், ஃபாதர். சொன்னா டி.சி. குடுத்துடுவாங்கன்னு திரும்பி வந்துட்டேன்."

அந்த ஆறு மாதங்கள்தாம் என் மனத்தை உறுத்துகின்றன. விதி அவனைப் போதையிலிருந்து தடுக்கவில்லை. உதவி கேட்பதிலிருந்து தடுத்திருக்கிறது.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஓர் அறையில் நான்கு பிள்ளைகளைத் தங்கவைக்கும் விடுதி, மற்ற மூவரின் பெற்றோருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சுமையை நானும் சுமந்தவன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் விடுதிக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். குடித்துவிட்டுச் சுவரேறிக் குதித்த ஒருவனை, விடியுமுன் பெட்டி படுக்கையோடு பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். ஒழுங்கைக் காத்துவிட்டதாக அன்று எனக்கு மனநிறைவு. அவனுக்கு அது முதல் முறையா, பத்தாம் முறையா என்று நான் கேட்கவே இல்லை. அவன் இன்று எங்கிருக்கிறான் என்றும் எனக்குத் தெரியாது.

பையனின் வழக்கைப் பற்றி யோசித்தபோது, நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டம் மிகக் கடுமையானது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. வணிக அளவில் பிடிபட்டால் குறைந்தது பத்தாண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். கஞ்சா புகைத்தவனுக்கோ ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்பவனையும் அடிமைப்பட்டவனையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைவிட முக்கியமானது 64-ஏ பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்டிருந்தாலும், தாமாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையை முடிக்காமல் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். ஆகவே யாரும் நடித்து ஏய்த்துவிடவும் முடியாது.

சிறைக்கூடத்தைக் கையில் வைத்திருக்கும் அரசாங்கமே இப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் நான் பார்த்த விடுதி விதித்தாள்களில் "வைத்திருத்தல், பயன்படுத்துதல், விற்றல் ஆகியவை கண்டறியப்பட்டால் உடனடி நீக்கம்" என்று ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. கண்டறியப்படுமுன் தானே வந்து சொல்பவனுக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. 2022 ஆகஸ்டு 11 அன்று தமிழகமெங்கும் மாணவர்கள் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். நல்லதே. ஆனால் ஏற்கெனவே விழுந்துவிட்ட ஒரு மாணவன் அந்த வரிசையில் கையை நீட்டி நின்றபோது என்ன நினைத்திருப்பான்?

திருச்சபையின் மரபில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், தவறிய சகோதரனை மடத்தின் தலைவர் மருத்துவரைப்போல் அணுக வேண்டும் என்கிறார். தன் குற்றத்தால் மடத்தை விட்டுப் போனவன் திருந்தத் தயாராக வந்தால் அவனை மூன்று முறை வரை ஏற்றுக்கொள்ளவும் இடம் தருகிறார். அதற்குமேல் இல்லை. அந்த எண்ணிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. கணக்கு வைத்துக்கொள்ளாத இளகிய மனம் அன்று அவருடையது. மற்றத் துறவிகளையும் நினைத்துத்தான் மூன்றோடு நிறுத்தினார். (அவரே துறவிக்கு நாளொன்றுக்கு ஓர் அளவு திராட்சை இரசம் அனுமதித்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வாசகர் யாராவது எனக்குக் கடிதம் எழுதுவார்.) திருச்சபைச் சட்டத்திலும், சபை விலக்குப் போன்ற குணப்படுத்தும் தண்டனைகளை, உண்மையாக மனம் வருந்தி வருகிறவனுக்கு நீக்க மறுக்க முடியாது.

மது என்று வரும்போது நம் நிலை இன்னும் சங்கடமானது. 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மாகாணம் இது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது என்பது விதி. கல்லூரி மாணவரில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். கடைக்காரர் வயது கேட்கிறாரா என்பதை வாசகரே அறிவர். அரசை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. தேர்த்திருவிழா இரவில் ஆலயத்தின் பின்புறம் கிடக்கும் பாட்டில்களை மறுநாள் காலையில் பொறுக்குவது எங்கள் உபதேசியார்தான். அப்பன் குடித்தால் உடம்பு அலுப்பு என்கிறோம். அதே வீட்டுப் பிள்ளை விடுதியில் குடித்தால் ஒழுங்கீனம் என்கிறோம்.

அந்தக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதினேன். திரும்பச் சேர்க்கும்படி மட்டும் கேட்கவில்லை. தாமாக வந்து சொல்லும் மாணவனின் பெயரைக் கோப்பில் ஏற்றாமல் சிகிச்சைக்கு அனுப்புங்கள். விடுதியில் வைத்துக்கொள்ள முடியாதென்றால் வெளியில் தங்கிப் படிக்க விடுங்கள். விற்பவன் எவனோ அவனைப் பற்றி வேறு விதி எழுதுங்கள் என்று கேட்டேன். மரியாதையான பதில் வந்தது. நிர்வாகக் குழுவின் முடிவை மாற்ற இயலாதாம்.

பதிலைச் சொல்வதற்காகத் தந்தையை வரச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து மாற்றுச் சான்றிதழை எடுத்து நீட்டினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. "இதுல என்ன எழுதியிருக்கு சாமி? வேற காலேஜுல காட்டலாமா?" நடத்தை என்ற இடத்தில் "திருப்திகரமாக இல்லை" என்று எழுதியிருந்தது. சற்றுத் தயங்கிப் பிறகு படித்துச் சொன்னேன். அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அரியலூர் அரசு மருத்துவமனைக்கே போகலாமே என்றேன். "வேணாம் சாமி, அங்க நம்ம லாரிக்காரங்க வந்து போவாங்க. திருச்சிக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றார். மறுநாள் விடியற்காலை முதல் பேருந்தில் இருவரும் போனதாக டீக்கடைக்காரர் சொன்னார்.