புள்ளலூரும் ‘லௌ’ என்னும் சொல்லும்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே சில கல் தொலைவில் புள்ளலூர் என்றோர் ஊர் உள்ளது. ஆங்கிலேயர் ஏடுகளில் அது பொல்லிலூர் என வழங்கும். 1780 செப்டம்பர் 10 ஆம் நாள் காலையில், கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கும்பினிப் படையை ஹைதர் அலீயும் அவர்தம் மைந்தர் திப்புவும் அவ்வூரருகே வளைத்து அழித்தனர். மைசூர்ப் படையின் இரும்புக்குழல் வாணங்கள் சீறின. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. சில நாழிகைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வேளையில் ஹெக்டர் மன்றோ என்னும் தளபதி, பெய்லியினும் பெரிய படையுடன் காஞ்சி நகரில்தான் இருந்தார். அங்குச் சேர்த்து வைத்திருந்த தானியமும் தளவாடமும் பறிபோகலாகாது என்று நகரைக் காத்துக் கிடந்தார். ஆயிரம் பேரை மட்டும் துணைக்கு அனுப்பினார். தாமே எழுந்து புறப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. மறுநாள் பெரும் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார்.

ஹைதர் அவரை முழுமூச்சாகத் துரத்தவில்லை. ஆர்க்காட்டு முற்றுகைக்குத் திரும்பிவிட்டார்.

நம்மவர் பேச்சு எப்போதும் இவ்விடத்தில் வந்து நிற்கும். இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசுவோரும், மேடையேறி முழங்குவோரும் ஒன்றுபோலவே கூறுவர்: “ஹைதர் மட்டும் அன்று மன்றோவைத் துரத்தியிருந்தால் சென்னைக் கோட்டை வீழ்ந்திருக்கும், வெள்ளையர் ஆட்சி வேர்விட்டே இராது.” கேட்கச் செவிக்கு இனிமைதான். இப்படிக் கேட்பது தகுமா, தகுமெனில் எவ்வாறு கேட்பது தகும் என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்தது.

அரபு இலக்கணம் பயின்றோர் ‘லௌ’ என்னும் இடைச்சொல்லை அறிவர். ‘இன்னது நிகழ்ந்திருந்தால் இன்னது நிகழ்ந்திருக்கும்’ என்னும் வாக்கியத்தின் தலையில் நிற்பது அது. முதலாவது நிகழாமையால் இரண்டாவதும் நிகழாமற் போயிற்று என்று உணர்த்தும் சொல் என நஹ்வு ஆசிரியர் அதற்கு வரையறை தந்தனர். பாடத்தில் எளிய சொல்; மனத்தில் புகுந்துவிட்டாலோ அதனினும் தொல்லை தரும் சொல் வேறில்லை. துன்பம் வந்துற்றபின் ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று புலம்பாதீர், அச்சொல் ஷைத்தானின் வேலைக்குக் கதவு திறந்துவிடும் என்ற கருத்துள்ள நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அதே வேளையில், ‘லௌ’ சொல்வதில் ஆகுமானது எது என்பதற்கு இமாம் புகாரீ தம் நூலில் தனிப் பாடமே வகுத்துள்ளார். இறுதி ஹஜ்ஜின்போது, இப்போது அறிந்ததை முன்பே அறிந்திருப்பின் குர்பானிப் பிராணிகளை உடன் கொணர்ந்திருக்க மாட்டேன் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மொழிந்துள்ளார்கள். ஆகவே சொல் முழுதும் விலக்கப்பட்டதன்று.

இதற்கு உஹதுப் போரினும் சிறந்த விளக்கம் நாம் காணவில்லை. ஹிஜ்ரி 3 ஆம் ஆண்டில் மக்காப் படை வந்தபோது, மதீனாவினுள் இருந்து தற்காப்பதா, வெளியே சென்று எதிர்ப்பதா என்று ஆலோசனை நடைபெற்றது. நகரினுள் இருப்பதையே நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். பத்ரில் பங்குபெறாத இளைஞர் பலர் வெளியே செல்ல வேண்டினர், அவ்வாறே சென்றனர். எழுபதின்மர் ஷஹீதாயினர். ‘எங்கள் சொல்லைக் கேட்டிருந்தால் மாண்டிருக்க மாட்டார்களே’ என்று நயவஞ்சகர் பேசியதைத் திருமறை கண்டித்தது. ஆயினும், அத்தோழர்களைத் தொடர்ந்து கலந்தாலோசிக்குமாறே இறைவன் பணித்தான். இரண்டே ஆண்டுகளில் அதே மதீனாவைப் பெரும்படை சூழ வந்தபோது ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களின் யோசனைப்படி அகழ் வெட்டப்பட்டது. நயவஞ்சகர் கேட்ட ‘லௌ’ இறந்தவர் மீது பழியைச் சுமத்திவிட்டுத் தான் நழுவிக்கொண்டது. அகழ் வெட்டியவர்களோ தங்கள் பிழையைத் தாங்களே ஏற்று அடுத்த முடிவைத் திருத்தினர்.

இனி ஹைதருக்கு வருவோம். துரத்தியிருந்தால் சென்னை வீழ்ந்திருக்கும் என்பது அவ்வளவு உறுதியா? 1758 இறுதியிலிருந்து இரண்டு மாத காலம் பீரங்கிகளோடு முற்றுகையிட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியால் அக்கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. கடல் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அக்கடல் வழியாகத்தான் 1780 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து அயர் கூட் வந்திறங்கினார். அன்றியும், ஆகஸ்ட் இறுதியில் கொசத்தலை ஆற்றில் திடீர் வெள்ளம் வந்து பெய்லியைப் பல நாள் அக்கரையில் நிறுத்தியிராவிடில் புள்ளலூர்ப் போரே நேர்ந்திராது. ‘லௌ’ சொல்லத் தொடங்கினால் ஆற்றையும் கேட்க வேண்டும். அதற்கு ஏது நிய்யத்? நம் ஊர் நெசவாளர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஊடையில் ஓரிழையின் நிறத்தை மாற்றினால் மாற்றம் அவ்விடத்தோடு நிற்கும். பாவில் மாற்றினாலோ சேலையின் நீளம் முழுதும் ஓடும். திண்ணை வரலாற்றாசிரியர் பாவிழையை உருவிவிட்டு, ஊடையிழையை மாற்றியதாகவே கணக்கிடுகின்றனர்.

நம்மை உறுத்துவது வேறொன்று. ‘துரத்தியிருந்தால்’ என்று கேட்போர் நூற்றுவர் உளர். ‘இறங்கி வராதிருந்தால்’ என்று கேட்பவர் ஒருவரையும் கண்டோமில்லை.

ஹைதரின் மனக்குறை நியாயமானதே. 1769 இல் சென்னையின் வாயில் வரை வந்து அவர் பெற்ற உடன்படிக்கையில், ஒருவருக்கொருவர் துணை நிற்பதாகக் கும்பினி ஒப்பியிருந்தது. மராத்தியர் அவர்மேல் பாய்ந்தபோது அது வாளாவிருந்தது. 1779 இல், அவருடைய பாதுகாப்பில் இருந்த மாஹேயைக் கைப்பற்றியது. இவற்றுக்கு மறுமொழியாக 1780 ஜூலையில், 80,000 க்கும் மேற்பட்டது என மதிப்பிடப்படும் சேனையோடு அவர் செங்கம் கணவாய் வழியே தமிழகத்தில் இறங்கினார். சென்னையைச் சுற்றிப் பல கல் தொலைவுக்கு ஊர்கள் எரிக்கப்பட்டன. எதிரிக்குத் தானியம் கிட்டலாகாது என்பது போர்த் தந்திரம். அத்தானியத்தை உண்ண இருந்தவன் குடியானவன். அவருடைய மற்றொரு மைந்தர் கரீம் சாஹிபின் குதிரைப்படை பரங்கிப்பேட்டையைச் சூறையாடியது. அது நம் மரக்காயர் வணிகர் வாழ்ந்த துறை என்பதை மேடையில் எவரும் சொல்வதில்லை. 1785 இல் எட்மண்ட் பர்க் இவ்வழிவைப் பற்றி ஆங்கிலப் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரையில் சொற்பெருக்கு மிகுதி. அதனைக் கழித்த பின்னும் மிஞ்சுவது கொஞ்சமன்று. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சென்னையில் குவிந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க 1782 இல் மணியக்காரர் சத்திரம் எழுந்தது. ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வடசென்னை முதியோர் வழங்கும் பெயர், அப்பஞ்சம் விட்டுச் சென்ற தழும்பு.

கணவாய்களை அடைத்துத் தம் நாட்டைக் காத்து நின்றிருந்தால் மைசூர் பிழைத்திருக்குமா என்று நாம் அறுதியிட்டுச் சொல்லோம். அக்கேள்வி நம் நாவில் எழவே மறுப்பதேன் என்பதே நாம் கேட்பது. முந்தைய கேள்வியில் நாம் இழந்த வெற்றி தெரிகிறது. பிந்தையதில் நம்மவரால் இழந்தோர் தெரிகின்றனர்.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளுக்குத் தீவைத்து, தன் பெயரையே தமிழில் ஒரு வசைச்சொல்லாக விட்டுச் சென்ற எம்டன் கப்பலை நாம் அறிவோம். அதனை ஏவிய ஜெர்மனியின் கதையைப் பாருங்கள். 1871 க்குப் பின் மூத்த மோல்ட்கே என்னும் தளபதி, இருபுறமும் பகை சூழுமாயின் மேற்கே பிரான்சை எதிர்த்துத் தற்காத்து நிற்பதே தகும் என்னும் கருத்துக்கு வந்திருந்தார். பின்வந்தோர் அதனைக் கைவிட்டனர். கிழக்கு நோக்கிப் பெரும்படை திரட்டும் திட்டத்தைப் புதுப்பிப்பதையே 1913 இல் நிறுத்திவிட்டனர். 1914 ஆகஸ்ட் 1 ஆம் நாள், படை முழுவதையும் கிழக்கே திருப்பலாகாதா என்று பேரரசர் கேட்டபோது, வகுத்த ஏற்பாட்டை மாற்ற முடியாது என்றார் இளைய மோல்ட்கே. மூன்றாம் நாள் கழித்துப் படை பெல்ஜியத்துள் புகுந்தது. அதனால் பிரிட்டனும் போரில் இறங்கியது. அம்மாத இறுதியில் லூவேன் நகரின் பல்கலைக்கழக நூலகம் சாம்பலாயிற்று.

தோற்றபின் அந்நாட்டுத் தளபதிகள் எழுப்பிய ‘லௌ’ எது? வலப்புறப் படையை இன்னும் வலுவாக வைத்திருந்தால் வென்றிருப்போம். உள்நாட்டார் முதுகில் குத்தாதிருந்தால் வென்றிருப்போம். பெல்ஜியத்துள் புகாதிருந்தால் என்று கேட்டவர் குரல் அவ்விரைச்சலில் அமுங்கிற்று. முதுகில் குத்தியவர் யூதரும் பொதுவுடைமையாளருமே என்ற பொய் அக்கேள்வியிலிருந்து முளைத்தது. அப்பொய்யின் தோளேறி ஹிட்லர் வந்தார். இரண்டாம் போரிலாவது ஜெர்மனி தற்காத்து நின்றிருந்தால் என்று சிலர் கேட்பதுண்டு. அது பொருளற்ற கேள்வி. பிறர் நிலத்தைப் பறிப்பதற்கென்றே எழுந்த ஆட்சி தற்காத்து நிற்குமாயின் அது அவ்வாட்சியே ஆகாது. 1939 இல் போலந்தைத் தாக்கியபோதும், போலந்தே முதலில் தாக்கியது என்று நாடகமாடினர் என்பதைக் கருதுக. ஹைதரை அக்கொடியவரோடு நிறுத்துவதாக எவரும் எண்ணவேண்டா. நாம் அருகருகே நிறுத்துவது, தோல்விக்குப் பின் எழும் கேள்விகளை மட்டுமே.

தற்காப்பு என்னும் சொல்லும் எளிதன்று. மன்றோ தற்காத்துத்தான் நின்றார். சில கல் தொலைவில் தம்மவர் மடிந்தனர். படையெடுத்து வந்தவரிலும் வரம்பு காத்தோர் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கவராமல் அதற்கே திரும்ப அளித்ததை அக்கோயிலிலேயே கல்லில் பொறித்தான். தம்மோடு பொருதவரோடு போரிட அனுமதித்த திருமறை, உடனே வரம்பு மீறலைத் தடுத்தது. எல்லைக்கு எப்புறம் நின்றாலும் அவ்வரம்பு போரிடாதவனின் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது.

1784 இல் திப்பு, ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர் வெற்றியைத் தீட்டுவித்தார். பல்லக்கில் அமர்ந்த பெய்லியை இன்றும் அங்குக் காணலாம். புள்ளலூர் வயல்வெளியில், 1781 ஆகஸ்டில் அதே பகுதியில் மீண்டும் நடந்த போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவருக்குக் கல்தூண்கள் நிற்கின்றன. பெய்லியின் படையில் பெரும்பகுதியினர் வெள்ளையர் அல்லர். கும்பினிச் சம்பளத்துக்குச் சேர்ந்த இந்நாட்டுச் சிப்பாய்கள். அவர்களில் தொழுதோரும் இருந்தனர், நீறு பூசியோரும் இருந்தனர். அவர்தம் பெயர் சுவரிலும் இல்லை, தூணிலும் இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் அவ்வாண்டு எந்த ‘லௌ’வைச் சொல்லி அழுதிருப்பர் என்று திண்ணையில் இதுவரை எவரும் வினவக் கேட்டோமில்லை.