ரசித்ததை ஒளிப்பானேன்?

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை விடிய விடியப் படித்துவிட்டு, இலக்கியக் கூட்டத்தில் அந்தப் பெயர் வந்தால் மௌனம் சாதிக்கிற அன்பர்கள் நம்மிடையே உண்டு. "அது வெறும் பொழுதுபோக்கு ஸார்!" என்று யாராவது சொன்னால் தலையும் ஆட்டுவார்கள். 1956-ல் 'அலை ஓசை'க்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்த பிறகும் இந்தக் கூச்சம் போகவில்லை.

விமரிசகர்கள் சொல்லும் குறைகளை மறுக்க வேண்டியதில்லை. வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் தங்குகிற அன்றிரவுதான் அங்கே சதியாலோசனை நடக்கிறது. அது அவன் காதிலும் விழுகிறது. தற்செயலுக்கும் ஓர் அளவு வேண்டாமா? வேண்டியதுதான். ஆனால், ஜனங்கள் கேட்டதையே கொடுத்தார் என்கிறார்களே, அதை மட்டும் சற்று நிறுத்துப் பாருங்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்த வாசகர்களுக்கு, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஐயமறச் சொல்லாமலே அவர் கதையை முடித்தார். கைதட்டலுக்காக மட்டும் எழுதுகிறவர் அந்த முடிச்சை அவிழ்க்காமல் விடுவாரா?

குறை காண்பது விமரிசகரின் கடமை. பெற்ற இன்பத்தை ஒப்புக்கொள்வது வாசகரின் கடமை. விருந்தில் உப்புக் கூடிவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். வயிறார உண்டுவிட்டு, அந்த வீட்டுப் பக்கமே போனதில்லை என்று சொல்லலாமா?

1954-ல் மறைந்த கல்கிக்கு நம் சாட்சியம் தேவையில்லை. தேவை நமக்குத்தான். வீட்டுக்கு ஒரு ரசனை, சபைக்கு ஒரு ரசனை என்று வைத்துக்கொள்கிறவர், தமக்கு எதுதான் மெய்யாகப் பிடிக்கும் என்பதை நாளடைவில் மறந்தே போவார்.