வில்லையும் தராசும்

வியாபாரிக்கு எந்நாளும் இரண்டு கவலைகள் உண்டு. சரக்கு எங்கே இருக்கிறது என்பது ஒன்று. ஆள் எங்கே இருக்கிறான் என்பது மற்றொன்று. இவ்விரண்டு கவலைகளையும் ஒரே சாதனத்தால் தீர்த்து வைப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஒரு புதுப்பொருள் இப்பொழுது நம் கடைவாசல்வரை வந்திருக்கிறது. ஆர்.எப்.ஐ.டி. என்பது அதன் பெயர். ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் சிறு வில்லை என்று நாம் அதனைச் சொல்லிக்கொள்ளலாம். அதனை வாங்குவதா, வேண்டாமா என்பது விலையைப் பொறுத்த விஷயம். எதன்மேல் ஒட்டுவது, எவர்மேல் மாட்டுவது என்பது நியாயத்தைப் பொறுத்த விஷயம். இந்த இரண்டாவது விஷயத்தைக் குறித்தே மலாக்கா மாநிலத்து வணிக அன்பர்களோடு சற்றுக் கலந்து சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் பொருள் இன்னதென்று தெரிந்துகொள்வோம். காகிதத்தில் ஒட்டிய மெல்லிய உலோகக் கோடும், அதன் நடுவே கடுகளவு ஒரு சில்லும், இவ்வளவுதான் வில்லை. சாதாரண வில்லைக்குள் பாட்டரி கிடையாது. படிக்கும் கருவி ஒன்று அலையை அனுப்ப, அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு வில்லை தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. சில வகைகளை அங்குல தூரத்தில்தான் படிக்கலாம். சிலவற்றைப் பல அடி தூரத்திலிருந்தும் படிக்கலாம். பெட்டியைத் திறக்கவேண்டியதில்லை, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டவேண்டியதுமில்லை.

நம் கடைகளில் இப்பொழுது உள்ள கோட்டு அடையாளத்துக்கும், அதாவது பார்கோடுக்கும், இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. 1974-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தோடு கடைகளில் அந்தப் பார்கோடு புகுந்தது. அது, 'நான் இன்ன கம்பெனியின் இன்ன சரக்கு' என்று மட்டுமே சொல்லும். ஒரே வகைப் பொட்டலங்கள் ஆயிரம் இருந்தால் ஆயிரமும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். வில்லையோ, ஆயிரத்தில் 'நான் இந்த ஒரு பொட்டலம்' என்று தனித்துச் சொல்லும். பார்வைக்கு இது சிறிய வேற்றுமையே. ஆனால் நாம் பேசவந்த நியாய அநியாயம் முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இது நமக்கு முற்றும் புதிதுமன்று. மலேசியா தன் கடப்பிதழில் சில்லு வைக்கத் தொடங்கியது 1998-ஆம் ஆண்டிலேயே. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி முதல் ஜூருவிலிருந்து ஸ்கூடாய் வரையிலான நெடுஞ்சாலையில் கார்க் கண்ணாடியிலும் விளக்கிலும் ஒட்டிய வில்லையால் சுங்கம் செலுத்த வழி செய்தார்கள். சிம்பாங் அம்பாட், ஆயர் குரோ, ஜாசின் சாவடிகளில் ஏறி இறங்கும் நம்மவர் பலர் இந்த வில்லையை வண்டியில் சுமந்துகொண்டுதான் போகிறோம். யூனிக்லோ போன்ற துணிக்கடைகளில் சட்டைகளை ஒரு தொட்டியில் போட்டவுடன் தொகை வந்து நிற்கிறதே, அதுவும் இந்த வில்லையின் வேலைதான். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், தனக்குச் சரக்கு அனுப்பும் பெரிய கம்பெனிகள் நூறும் 2005-ஆம் ஆண்டு ஜனவரிக்குள் பெட்டிகளில் இதனை ஒட்டவேண்டும் என்று 2003-இல் அறிவித்தது. அன்றுமுதல் உலக வியாபாரம் இதன் பக்கம் சாயத் தொடங்கிற்று.

சரக்கின்மேல் ஒட்டுவதில் நமக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. தன் சரக்கைத் தான் எண்ணுவது வியாபாரியின் உரிமை. கூட்டு வியாபாரமாயிருந்தால் கடமையும்கூட. ஆண்டுதோறும் ஜகாத்துக்காகக் கடையைப் பூட்டிவைத்துச் சரக்கை எண்ணி மதிப்பிடுகிறவர்கள் நாம். இரண்டு நாள் வேலை இரண்டு மணி நேரத்தில் முடியுமானால் நல்லதே. எண்ணெய் டின்னும் தண்ணீர்ப் போத்தலும் இந்த அலைக்கு இடைஞ்சல் செய்பவை என்பதை மட்டும் மளிகைக் கடைக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நலம். துணிக்கடைக்கு நேர்த்தியாக வேலை செய்யும் சாதனம் மளிகைக் கடையிலும் அப்படியே செய்யும் என்று எண்ணிவிடலாகாது.

ஆனால் வில்லை சரக்கோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. 2003-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து டெஸ்கோ கடை ஒன்றில் சவர பிளேடுப் பொட்டலங்களில் இதனை ஒட்டினார்கள். பொட்டலத்தை ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்தவுடன் அங்கிருந்த காமிரா அவரைப் படம் பிடித்தது. பணம் செலுத்துமிடத்தில் மறுபடியும் ஒரு படம். பிளேடு திருட்டுப் போகாமல் காப்பதற்கென்று வந்த வில்லை, பிளேடு வாங்கவந்த யோக்கியர் அனைவரையும் திருடராக நிறுத்திப் படம் எடுத்தது. செய்தி வெளியானதும் எதிர்ப்புக் கிளம்பியது.

இங்கே நாம் கேட்கவேண்டிய கேள்வி யாதெனில், விற்ற பொருளில் விற்றவனுக்கு என்ன பாத்தியதை என்பதே. விலை பேசி, பணம் கைமாறி, இரு தரப்பும் ஒப்பிய அந்தக் கணமே பொருள் வாங்கியவருடையதாகிவிடுகிறது. அதன்பின் அது அவர் வீட்டுப் பொருள். நம் வில்லை அவர் பையிலும் சட்டையிலும் உயிரோடு இருந்து, அவர் மறுபடி நம் வாசலைத் தாண்டும்பொழுது 'இன்னார் வந்தார்' என்று நமக்குச் சொல்லுமானால், அவர் பொருளை நாம் ஒற்றனாக்கி வைத்திருக்கிறோம் என்றுதான் பொருள். வள்ளுவர் ஒற்றாடலுக்குத் தனியே ஓர் அதிகாரம் வைத்தார், அது அரசனுக்கு. வணிகனைப்பற்றி அவர் பேசுவது நடுவுநிலைமை அதிகாரத்தில். அங்கே பிறர் பொருளையும் தன் பொருள்போல் கருதும்படி சொல்கிறார்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. இன்று சரக்குகளில் பரவலாக ஒட்டப்படும் வில்லைகளில், அதன் வாயை நிரந்தரமாக அடைத்துவிடும் கட்டளை ஒன்று உள்ளுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. கல்லாவில் பணம் வாங்கும்பொழுதே அதனைச் செய்துவிடலாம். அல்லது கையால் கிழித்தெறியலாம். ஐரோப்பிய ஆணையமும் 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வாறே பரிந்துரைத்தது: வில்லையால் வாங்குபவருடைய அந்தரங்கத்துக்குப் பங்கம் வரக்கூடுமானால், அவர் விரும்பிக் கேட்டாலொழிய விற்குமிடத்திலேயே அதனைச் செயலற்றதாக்க வேண்டும்.

இனி, ஆள் விஷயத்துக்கு வருவோம். இதுவே நம்மை அதிகம் உறுத்துவது. இந்தச் சாதனங்களை விற்கவந்த ஒருவர் எம்மிடம் சொன்னார்: "முதலாளி, உங்கள் பையன்கள் கழுத்தில் இந்த அட்டையை மாட்டிவிட்டால் போதும். எவன் எத்தனை முறை பின்கட்டுக்குப் போனான், எத்தனை நிமிஷம் நின்றான் என்பதெல்லாம் உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்துவிடும்." அவர் அதனைப் பெருமையாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டைத் துடைத்தான்.

இது இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 'திரீ ஸ்கொயர் மார்க்கெட்' என்னும் கம்பெனி, அரிசிமணி அளவுள்ள சில்லைத் தன் ஊழியர்களின் கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலுக்கடியில் வைத்தது. கதவு திறக்கவும் தின்பண்டம் வாங்கவும் அது உதவும் என்றார்கள். ஏறக்குறைய ஐம்பது பேர் தாமாகவே முன்வந்தார்கள் என்றும் சொன்னார்கள். கட்டாயப்படுத்திச் சில்லு வைப்பதை அந்த மாநிலம் 2006-லேயே சட்டத்தால் தடுத்திருந்தது. கட்டாயம் இல்லை என்பது சரிதான். ஆனால் முதலாளி கேட்க, தொழிலாளி கொடுக்கும் சம்மதத்தில் இஷ்டம் எத்தனை பங்கு, பயம் எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லவல்லவர் யார்? தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து, பெர்மிட்டை நம்பி நம் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம், 'இந்த அட்டையை மாட்டிக்கொள்ளச் சம்மதமா?' என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்ல அவனால் முடியுமா?

வில்லை மாட்டி மனிதனை எண்ணிய கதை தமிழனுக்குப் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், 1901-ஆம் ஆண்டில் தகர வில்லை முறை வந்தது. மாவட்டத்தின் எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் பொறித்த அந்தத் தகரத்தைப் பார்த்தே, இவன் எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேரவேண்டியவன் என்பதை, அவனைக் கேளாமலே தெரிந்துகொண்டார்கள். நம் மலாக்காவில் டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. அதன்பின் எழுந்த தோட்டங்களிலெல்லாம் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கிராணி பெயர் கூப்பிட, குரல் கொடுத்து, செக்ரோலில் பதிந்து வாழ்ந்தவர்கள் தமிழர்கள். அந்தத் தோட்டத்து ஓரங்களில் கடை வைத்துத்தான் நம் முன்னோர் பலர் பிழைத்தார்கள்.

பெரட்டு கொடுமையானதுதான். எனினும் அதில் ஒன்று இருந்தது. தன்னை எண்ணுகிறார்கள் என்பது எண்ணப்படுகிறவனுக்குத் தெரியும். தன் பெயர் அவன் காதில் விழும்; தன் வாயால் பதில் சொல்வான்; பெரட்டு கலைந்தால் எண்ணிக்கையும் கலைந்துவிடும். மேற்பார்க்கும் கங்காணியின் கண்ணும் சற்று அயரும். இந்த வில்லைக்கோ அயர்வு கிடையாது. எப்பொழுது எண்ணியது, என்ன எழுதியது, யார் பார்த்தார் என்பதும் எண்ணப்பட்டவனுக்குத் தெரியாது.

"கடையில் களவு போகிறதே, அதற்கு என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குறைந்த இலாபத்தில் நடக்கும் கடையில், மாதம் சில நூறு வெள்ளி கைமறைவாய்ப் போனாலும் வருஷ இலாபமே போய்விடும். அதுமட்டுமல்ல, களவு நடந்தால் சந்தேகம் முதலில் ஏழைப் பையன்மேல்தான் விழுகிறது. பெட்டி இன்ன நேரத்தில் இன்ன வாசல் வழியே போயிற்று என்று வில்லை சொல்லுமானால், குற்றமற்றவன் தப்புவான். ஆகவே வில்லை ஒரு நல்ல சாட்சி என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் ஒரு தரப்பு மட்டுமே விசாரிக்கக்கூடிய சாட்சியை எந்தக் காஜியும் ஏற்கமாட்டார்.

நம் தொழிலிலேயே இதற்கு வழிகாட்டி இருக்கிறது. தோட்டத்து ஜனங்களுக்குக் கடன் கொடுத்த காலத்தில், நம் பேரேட்டில் ஒரு பற்று. அதே பற்று வாடிக்கையாளர் கையிலுள்ள சிறு புத்தகத்திலும். சம்பள நாளன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தராசையும் நாம் கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைப்பதில்லை. முள் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கிறோம். இரண்டு பேரும் பார்த்தால்தான் அது கணக்கு. ஒருவர் மட்டும் பார்த்தால் அது வேவு. அளந்து வாங்கும்பொழுது நிறைவாக வாங்கிக்கொண்டு, அளந்து கொடுக்கும்பொழுது குறைப்பவர்களைக் கண்டித்துத் திருமறையில் அல்-முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அரிசிக்கும் சீனிக்கும் மட்டுமா அந்தக் கண்டனம்? ஊழியனைப்பற்றிய செய்தியை நிறைய அளந்து வாங்கிக்கொண்டு, நம் கணக்கை அவனுக்கு ஒரு பிடியும் காட்டாதிருப்பதும் அளவில் குறைப்பதே என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம். சுங்கச்சாவடி வில்லைகூட, நாம் எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம், எவ்வளவு கழித்தது என்பதை நம் கைத்தொலைபேசியிலேயே காட்டுகிறது. நம் கடைப் பையனுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

சட்டமும் இவ்விஷயத்தில் வாய்மூடி நிற்கவில்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி முதல் அமலில் இருக்கிறது. வியாபார நடவடிக்கைக்காக ஒருவரைப்பற்றிய தகவலைச் சேகரிப்பவர், எதற்காகச் சேகரிக்கிறார் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும் என்கிறது அது. அவ்விரண்டும் வாசிக்கத் தெரியாத பையனுக்கு அவன் பாஷையில் எடுத்துச் சொல்வது சட்டத்துக்கு மேற்பட்ட கடமை.

ஆகவே, வாங்க உத்தேசிப்பவர்களுக்கு எமது யோசனைகள் இவை. சரக்கில் ஒட்டுங்கள், விற்றவுடன் அதன் வாயை அடைத்துவிடுங்கள். பண்டகசாலை வாசலில் படிக்கும் கருவியை வையுங்கள்; உண்ணுமிடத்திலும் தொழுமிடத்திலும் கழிவறைப் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஆளுக்கு அட்டை கொடுத்தால் வேலை நேரத்துக்கு மட்டும் கொடுங்கள்; வேலை முடிந்தால் அவன் அதனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போகட்டும். அவனைப்பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று அவன் கேட்டால் காட்டுங்கள். மாதக் கணக்கு முடிந்ததும் அழித்துவிடுங்கள். அட்டை சொன்னதைக் கொண்டு சம்பளத்தைப் பிடிக்குமுன் அவன் சொல்வதையும் கேளுங்கள்.

விற்கவந்தவரிடம் விலையைக் கேட்பதோடு இவற்றையும் கேட்போம்: வில்லையின் வாயை அடைக்க முடியுமா? பதிவை ஊழியனும் பார்க்க முடியுமா? பதிவு யாருடைய கணினியில் போய்த் தங்குகிறது? பதில் திருப்தியாயிருந்தால் வாங்குவோம். இல்லையேல், இத்தனை காலம் எண்ணியதுபோல் சரக்கைக் கையால் எண்ணிக்கொள்வோம்.