வன்னி இலைக் கூலி

விருத்தாசலம் கோயிலைப் பற்றி வழங்கும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வன்னி மரத்தின் கதை. விபசித்து முனிவர் அந்தக் கோயிலின் திருப்பணியை நடத்தினாராம். பொழுது சாய்ந்ததும் வேலை செய்தவர்களுக்குத் தல மரமான வன்னியின் இலைகளை உருவிக் கொடுப்பாராம். அவரவர் உழைப்பு எவ்வளவோ அந்த அளவுக்கு இலை பொன்னாக மாறுமாம். கங்காணி இல்லை, பேரேடு இல்லை, பேரம் இல்லை. உழைப்பின் அளவு இலைக்கே தெரிந்திருந்தது.

இதை வெறும் கதை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. கல் சுமந்த மனிதர்களின் எத்தனை தலைமுறை ஏக்கம் அந்த இலையில் இருக்கிறது! உலகத்தில் எங்கேயாவது, ஒரு முறையாவது, கூலி சரியாகக் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ள அவர்கள் ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

அதே ஆசையைத்தான் நாம் மண்ணின் மேல் ஏற்றிப் பேசுகிறோம். விதைத்தவன் அறுப்பான் என்கிறோம். பூமாதேவி யாரையும் வஞ்சிக்கமாட்டாள் என்கிறோம். இப்படிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் மண்வெட்டியைத் தொட்டதில்லை என்பது என் சந்தேகம். கொல்லையில் ஒரு நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, பிறகு இரண்டு மாதம் பொறுத்திருந்து பார்த்தால் போதும். அந்தப் பேச்சு தானாகக் குறைந்துவிடும்.

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. காய்கறிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. விருத்தாசலத்தில் மாசி மகத் திருவிழா முடிந்து கூட்டம் கலையும்போதே விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். போன மாசியில் அப்படி ஒரு நாள். வெண்டை விதையை முதல் நாள் இரவே ஊறப் போட்டிருந்தேன். மண் இறுகிக் கிடந்ததால் கொத்துவதற்கு ஒரு பெரியவரைக் கூப்பிட்டிருந்தேன். அவர் கொத்திக்கொண்டே போக, நான் கட்டிகளை உடைத்து, மக்கிய எருவைக் கலந்து பாத்தி கட்டினேன். வெண்டையை முழத்துக்கு ஒன்றாக ஊன்றினேன். கொத்தவரைக்கு ஒரு பாத்தி. வேலியோரம் பீர்க்கும் புடலும். அவற்றுக்குப் பந்தல் போட நான்கு கால்கள். வெயில் தாழ்ந்த பிறகே கத்தரி நாற்றில் கை வைத்தோம். உச்சிப் பொழுதில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் இலை துவண்டுவிடும். கத்தரிக்கு இரண்டு பாத்திகள். ஒரே நாற்று, ஒரே எரு, ஒரே தண்ணீர். இருட்டுகிற சமயத்தில் பூவாளியைக் கீழே வைத்தபோது விரல்கள் மடங்க மறுத்தன.

விளைவு என்ன? ஒரு கத்தரிப் பாத்தி நன்றாகவே காய்த்தது. மற்றொன்றை ஒரு வெள்ளாடு வேலியைத் தாண்டி வந்து கால் மணி நேரத்தில் முடித்துவிட்டது. புடலைக்குப் பூச்சி. இதற்கு நடுவே, குப்பைமேட்டில் யாரும் விதைக்காத பரங்கிக்கொடி ஒன்று தானாக முளைத்துப் படர்ந்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கும் அளவுக்குக் காய்த்துத் தள்ளியது! உழைத்த இடத்தில் பலன் இல்லை. பலன் வந்த இடத்தில் உழைப்பு இல்லை. வன்னி இலைக் கணக்கைக் கொல்லையில் தேடுகிறவனுக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

என் கொல்லைக் கதையைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆடு தின்றால் எனக்கு மார்க்கெட் இருக்கிறது. ஆனால் இதே சுற்றுவட்டாரத்தில் சிரிக்க முடியாத நஷ்டமும் நடந்திருக்கிறது. முந்திரி இந்தப் பக்கத்துச் செம்மண்ணின் செல்வம். ஒட்டுக் கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கினாலும், நிறைந்த பலனுக்கு எட்டுப் பத்து ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளில் எண்ணற்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. தகப்பன் நட்டு மகன் காத்த மரங்கள். அந்தக் குடும்பங்களிடம் போய், விதைத்தவன் அறுப்பான் என்று யாராவது சொல்ல முடியுமா? சொன்னால், அறுக்காதவன் சரியாக விதைக்கவில்லை என்றல்லவா பொருள்படும்! ஆறுதல் போலத் தோன்றும் அந்தப் பழமொழிக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. வெற்றி பெற்றவன் அதைச் சொல்லித் தன்னைத் தட்டிக்கொடுத்துக் கொள்கிறான். தோற்றவன் அதைக் கேட்டுத் தலை குனிகிறான்.

அன்று நண்பகலில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் தம் பழைய வேலையைப் பற்றிச் சொன்னார். விருத்தாசலம் பீங்கான் ஊர். அகல் விளக்கும் கொலு பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டைகளும் இங்கே சிறு பட்டறைகளில் உருவாகின்றன; பீங்கான் தொழிலைச் சொல்லிக்கொடுக்க அரசு கல்வி நிலையமே உண்டு. பெரியவர் ஒரு பட்டறையில் உருப்படிக் கணக்கில் கூலி வாங்கியவர். பீங்கான் வேக 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வேண்டும். களிமண்ணில் துளி ஈரம் தங்கிவிட்டால், சூட்டில் அது ஆவியாகிப் பொம்மையை வெடிக்கச் செய்துவிடும். மழைக்காலத்தில் எவ்வளவு உலர்த்தினாலும் சில வெடிக்கத்தான் செய்யும்.

"வெடிச்ச பொம்மைக்குக் கூலி கிடையாதுன்னுட்டாங்க ஐயா. வெடிச்சது நெசந்தான். ஆனா நான் பிசைஞ்சது பிசைஞ்சதுதானே?" என்றார்.

இந்தக் கேள்விக்கு வேதாந்தத்தில் பதில் தேடுகிறவர்கள் உண்டு. கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்று கீதையைச் சொல்லித் தருவார்கள். உயர்ந்த உபதேசந்தான். கடித்த பாத்தியைப் பார்த்தபோது நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன், மனம் ஆறியது. ஆனால் அது ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வாக்கு. கூலி கொடுக்க வேண்டியவன் கூலிக்காரனைப் பார்த்து அதைச் சொன்னால், அதைவிடப் பெரிய அதர்மம் கிடையாது. அருச்சுனனுக்குச் சொன்னதை அன்றாடம் காய்ச்சிக்குச் சொல்லக்கூடாது.

சூளையின் நெருப்புக்கு யார் உழைத்தார் என்று தெரியாது. ஆட்டுக்குத் தெரியாது. புயலுக்கும் தெரியாது. இயற்கையிடம் கூலிக் கணக்கே இல்லை. அப்படியானால் நியாயம் என்பது வெறும் சொப்பனமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயற்கையிடம் இல்லை என்பதாலேயே அது மனிதனின் பொறுப்பாகிறது.

பைபிளில் திராட்சைத் தோட்டத்து வேலைக்காரர்களின் உவமை வருகிறது. காலையில் வந்தவனுக்கும் கடைசி மணியில் வந்தவனுக்கும் தோட்டக்காரன் ஒரே கூலி கொடுக்கிறான். அந்த உவமையிலிருந்துதான் ரஸ்கின் தம் நூலுக்குத் தலைப்பை எடுத்தார். 1904-இல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போன ரயிலில் காந்தி அந்த நூலைப் படித்தார். அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் பண்ணையை ஏற்படுத்தினார். வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் ஒரே மதிப்பு என்பது அவர் அதில் கண்ட பாடங்களில் ஒன்று. வன்னி இலை உழைப்பை அளந்து கொடுக்கிறது. திராட்சைத் தோட்டக்காரன் வயிற்றைப் பார்த்துக் கொடுக்கிறான். இரண்டும் வேறு வேறு நியாயங்கள். ஆனால் இரண்டு கதைகளிலும் கொடுப்பது ஒரு மனிதனுடைய கைதான். வன்னி மரம் தானாக இலையை உதிர்த்துக் கூலி கொடுத்ததாகக் கதையில் இல்லை. முனிவர் உருவிக் கொடுத்தார்.

வீட்டுத் தோட்டம் உடம்புக்கு நல்லது, மனத்துக்கு நல்லது என்றெல்லாம் சொல்கிறார்கள். இருக்கட்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் வேறொரு லாபம் இருப்பதாக நான் நினைக்கிறேன். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் கணக்குப் போட்டு, "உம்முடைய கத்தரிக்காய் கடைவிலையைப் போல மூன்று மடங்கு ஐயா!" என்று கேலி செய்தார். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதைத் திருப்பிப் படித்தால் வேறு விஷயம் தெரியும். கடைக்காரன் அந்த விலைக்குக் கொடுக்க முடிகிறதென்றால், நடுவில் எங்கேயோ ஒருவனுடைய முதுகு வலிக்கு யாரும் விலை போடவில்லை.

பாத்தி கட்டி விரல் மடங்காமல் போனவனுக்கு இது சொல்லாமலே விளங்கும். கீரைக்காரி கூடையை இறக்கி வைத்து விலை சொல்லும்போது, அவளுடைய ஆடு தின்ற பாத்தியும் அதில் அடக்கம் என்று அவனுக்குத் தோன்றும். கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி அவன் வாய் திறக்கமாட்டான்.